பிப்ரவரி விருந்தாளிகள்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். குடையை விரித்தால் காற்று பிடுங்குகிறது, மடக்கினால் நனைகிறது. பாதி விரித்தபடியே பள்ளிக்கூடம். சேலை முழங்கால்வரை ஈரம். முதல் இரண்டு பீரியடும் ஃபேனைப் போடாமல் பாடம்.

மதியம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். மேஜையில் அச்செடுத்த தாள்கள், நல்ல தடிமன். வெளிநாட்டு நிதி ஒன்று. நம் பள்ளியும் அயல்நாட்டுப் பள்ளி ஒன்றும் கூட்டாக விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் அங்கிருந்து இரண்டு ஆசிரியைகள் இங்கே வந்து இரண்டு வாரம் இருப்பார்கள், பாடம் எடுப்பார்கள். பிறகு இங்கிருந்து இருவர் அங்கே. எங்கள் பழைய மாணவி ஒருத்தி இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் நர்ஸ். அவள் மகன் படிக்கிற பள்ளியின் புவியியல் ஆசிரியைக்கு, ஹெலன் என்று பெயர், நம்மைப் பற்றிச் சொல்லிக் கோத்துவிட்டிருக்கிறாள்.

"இங்கிலீஷ் டீச்சர் நீங்கதான எழுதணும் கோமதி டீச்சர். மாசக் கடைசிக்குள்ள போயாகணுமாம்."

"எதப் பத்தி எழுத டீச்சர்?"

"அங்கயும் எப்பவும் மழையாம். இங்கனயும் மழை. மழைய வச்சு எழுதுங்களேன்."

மழை என்றதும் மெஹருன்னிசாதான். அறிவியல், என் பக்கத்து நாற்காலி. பெப்ஸிப் பாட்டில்களின் கழுத்தை அறுத்துக் கவிழ்த்து, அளவு ஒட்டி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மூன்று வருஷமாக மழை அளக்கிறாள். மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்க அவள் பாட்டில்கள். யாரும் கேட்டதில்லை, யாரும் பாராட்டியதும் இல்லை.

போகிறவர்கள் நானும் அவளும் என்று த.ஆ. அங்கேயே சொல்லிவிட்டார். "நான் ரிட்டயர் ஆவப் போறவ. எனக்கு எதுக்கு குளிரு."

மெ.யிடம் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள்.

"ஏட்டி, நான் பிளேன்ல ஏறுனது எல்லாம் மச்சானப் பாக்கத்தான். சவுதில, தம்மாம்ல இறங்கி நேரா அடுப்படி. ஒரு தடவயாவது என் வேலைக்குன்னு ஏறணும்."

சொன்ன பிறகு சிரித்தாள். "பாட்டிலோட போறேன்னா ஏர்ப்போர்ட்ல பிடிச்சுருவான்."

வாங்க: பால், கொசுவத்தி, தேங்காய் எண்ணெய், பேனா ரீஃபில்.

ஜூன் 11, புதன்

சாரல் விட்டு விட்டு. மதியம் கொஞ்சம் வெயில், தெருவே துணி காயப் போட்டது.

படிவத்தோடு உட்கார்ந்தேன். "உங்கள் பள்ளிக்கு இது ஏன் தேவை?" பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்கள். எழுதினால் இரக்கம் கேட்பது போல இருக்கிறது. எழுதாவிட்டால் மறைப்பது போல. ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே போனேன்.

"வரும் ஆசிரியர்கள் எங்கே தங்குவார்கள்?"

த.ஆ. குற்றாலத்தில் நல்ல லாட்ஜ் பார்க்கலாம் என்றார். நான் யோசிக்காமல், "எங்க வீட்ல தங்கட்டும் டீச்சர். மாடி ரூம் இருக்கு" என்றேன். யோசிக்காமல் என்று எழுதுகிறேன். அது சரியா என்று தெரியவில்லை.

வீடு கட்டும்போது அந்த மாடி அறை வேண்டாம் என்றேன் நான். கீழேயே நமக்குப் போதும் என்று. என் வீட்டுக்காரர்தான், "சீசனுக்கு?" என்றார். ஒரே சொல். தென்காசியில் கூரை உள்ள வீடெல்லாம் குற்றால சீசனில் சத்திரம்தான். ஜூன் பிறந்ததும் போன் வரத் தொடங்கும். மதுரையிலிருந்து அவர் அக்கா, விருதுநகரிலிருந்து சித்தப்பா வீடு, சென்னையிலிருந்து அவர் ஆபீஸ்காரர்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி. நலமா என்று யாரும் கேட்பதில்லை. "தண்ணி விழுதா?"

"விழுது, வாங்க." இவ்வளவுதான் பேச்சு. சனிக்கிழமை வேன் வந்து நிற்கும்.

போன வருஷம் மாசியில் அவர் போனார். அந்த ஆனியில் ஒருவரும் கேட்கவில்லை. துக்க வீடு, எப்படிக் கேட்பார்கள், நியாயம். இந்த வருஷம் தலைத்திவசம் முடிந்துவிட்டது. ஜூன் பிறந்துவிட்டது. போன் வரவில்லை.

மகள் காவ்யா ஹாஸ்டலிலிருந்து பேசினாள். பரீட்சை, சாப்பாடு, பேன் தொல்லை. அவளும் கேட்கவில்லை.

வருகைத் தேதி என்ற கட்டத்தில்: ஜூலை கடைசி வாரம், அடுத்த வருஷம். ஸ்டாஃப் ரூமில் கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் ஜூலை. "பின்ன? சீசன்ல கூப்பிடாம எப்பக் கூப்பிடுவாக?" என்றாள் மெ.

ஜூன் 14, சனி

நல்ல காற்று. கதவுகள் தாமாக அடித்துக்கொண்டன.

மாடி அறையைத் திறந்தேன். பூட்டு துருவேறி, எண்ணெய் விட்டுத்தான். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி. சுவரோரம் சுருட்டிய பாய்கள். தலையணைகளில் பூசணம். கொடிக்கயிறு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அப்படியே. சாரல் நாளில் வெளியே துணி காயாது, அவர்தான் உள்ளே கட்டினார். அலமாரியில் நல்லெண்ணெய்ப் பாட்டில், அடியில் கொஞ்சம், சிக்கு வாடை. அருவிக்குக் கிளம்புமுன் வந்த பிள்ளைகளை எல்லாம் வரிசையாக நிறுத்தித் தலையில் தேய்த்துவிடுவார். ஒரு பையன் தப்பி ஓடினால் தெருமுனைவரை துரத்துவார்.

பாட்டிலைக் கழுவப் போட்டேன். பிறகு எடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன்.

வெள்ளைக்காரர்களுக்கு வேண்டியது என்று ஒரு பட்டியல்: கட்டில் (இரண்டு?), கொசுவலை, மேற்கத்திய கழிவறை இருக்கிறது, தாழ்ப்பாள் மாற்ற, வெந்நீர், ரொட்டி சுடும் சாமான், ஜன்னலுக்குத் திரை.

எதிர்வீட்டு முத்துலட்சுமி வீட்டில் சிவகாசி ஆட்கள், ஒரு வேன் நிறைய. வாசலெல்லாம் செருப்பு. தண்ணீர் தொட்டி காலியாகி மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. நான் மாடியில் விளக்குமாறும் கையுமாய் நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"டீச்சர், மாடி சும்மாதான கெடக்கு? எங்க ஆளுக நாலு பேரு படுத்துக்கிடட்டுமா? இங்கன தல வைக்க இடமில்ல."

"இல்ல முத்துலட்சுமி. வெளிநாட்டு டீச்சர்மாருக்குன்னு ஒதுக்கிட்டிருக்கேன்."

"அப்படியா! எப்ப வாராக?"

"அடுத்த வருசம்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் திரும்பி உரக்க, "ஏ சித்தி, இடம் இல்லயாம். லண்டன்காரி அடுத்த வருசம் வாராளாம், இப்பவே தொடச்சுப் போட்டாச்சாம்!" உள்ளே சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் சிரிப்பு.

கீழே வந்து உட்கார்ந்தேன். வந்து நிற்கிற மனிதருக்கு இல்லை என்றேன், வராதவருக்குப் பாய் தட்டிப் போட்டேன். ஏன் என்று கேட்டால் முத்துலட்சுமியிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் ஆட்கள் அவளுடைய ஆட்கள். எனக்கு வர வேண்டியவர்கள் இல்லை. இப்படித்தான் தோன்றியது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும். இத்தனை நாளாக இந்த விண்ணப்பத்தை எழுதுகிறேன். இங்கிலாந்து போவதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. ஸ்வெட்டர் வாங்க வேண்டுமே என்றுகூட. நினைத்ததெல்லாம் அவர்கள் வருவதைப் பற்றி.

ஜூன் 18, புதன்

வானம் மூடாக்கு. மழை இல்லை.

இன்று ஹெலனோடு கணினி அறையில் வீடியோ பேச்சு. த.ஆ. பட்டுச் சேலை. மெ. தன் பாட்டில் ஒன்றை மேஜையில் வைத்துக்கொண்டாள். ஹெலனுக்கு எங்கள் வயதுதான், நரைத்த குட்டை முடி, கையில் பெரிய கோப்பையில் தேநீர். அவள் பின்னால் ஜன்னலில் மழை. அங்கே மழை என்றால் பிள்ளைகளை விளையாட விடுவதில்லையாம், மழை பிடிக்காத பிள்ளைகளே அதிகமாம். எங்கள் ஊரில் மழைக்காக லீவு போட்டு வருகிறார்கள் என்றேன். அவளால் நம்ப முடியவில்லை. மெ. பாட்டிலைக் கேமரா முன்னால் காட்டி, தெரிந்த ஆங்கிலத்தில், தானே விளக்கினாள். ஹெலன் எழுந்து வெளியே போய், நனைந்துகொண்டே, தன் பள்ளித் தோட்டத்து மழைமானியைத் தூக்கி வந்து காட்டினாள். இரண்டு பெண்கள், இரண்டு பாத்திரம். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு தேதி.

ஜூலைக் கடைசி என்றால் தன் பள்ளி பூட்டியிருக்கும் என்றாள் ஹெலன், மெதுவாக, எங்களைக் காயப்படுத்தாத குரலில். கோடை விடுமுறை. இரண்டு பள்ளியும் நடக்கும் நாட்களில்தான் வருகை இருக்க வேண்டும் என்பது நிதியின் விதி. மீறினால் படிக்காமலே தள்ளிவிடுவார்கள். தன்னால் வர முடிகிற மாதம் ஒன்றுதான். பிப்ரவரி.

அந்த விதி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நான் அதை வாசித்திருக்கிறேன். த.ஆ.வுக்குத் தமிழில் சொல்லியும் இருக்கிறேன். அதற்கு மறுநாள் உட்கார்ந்து ஜூலை என்று எழுதினேன். ஸ்டாஃப் ரூமில் அத்தனை பேரும் ஜூலை என்றார்கள். விருந்தாளிக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கும், அதற்கு ஒரு நாட்காட்டி இருக்கும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு விருந்தாளி என்றால் சீசன். வேறு மாதத்தில் மனிதர்கள் இங்கே வந்து என்ன செய்வார்கள்?

திரை அணைந்ததும் த.ஆ. கண்ணாடியைக் கழற்றினார்.

"பிப்ரவரில என்னத்தக் காட்டுவீங்க? காஞ்ச பாறையவா?"

"டீச்சர்..."

"கடல் தாண்டி வாராக. மழையப் பத்திப் படிக்கோம்னு எழுதிருக்கோம். இங்க வந்து பாத்தா அருவில ஒரு சொட்டு இருக்காது. பள்ளிக்கூடத்துப் பேரு என்ன ஆவும்? வேண்டாம். ஹெலன் டீச்சருக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் போட்டுருங்க. வேற ஏதாவது வந்தா பாத்துக்கிடலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பொறுப்பாகச் சொன்னார். அதனால் எதிர்க்க முடியவில்லை.

மெ. பாட்டிலில் கிடந்த கொஞ்சம் தண்ணீரை ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டுப் போனாள். அளக்காமல். அவள் அளக்காமல் ஊற்றி நான் பார்த்ததில்லை.

ஜூன் 19, வியாழன்

நன்றி மெயில் எழுதவில்லை. தலைவலி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மெ. சாப்பிடும்போது:

"விடுட்டி. நான் ஒண்ணும் அழுதுகிட்டு இல்ல. உம்மா சொல்லும், கெடைக்கிறது கெடைக்கும்னு."

சற்றுக் கழித்து:

"அந்தப் பொம்பள நனஞ்சுகிட்டே போயி தூக்கிட்டு வந்தா பாத்தியா?"

அவ்வளவுதான்.

கேஸ் பதிவு. ரேஷனில் பருப்பு இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

சாரல், விடாமல். வீட்டில் இருக்க முடியவில்லை. டவுன் பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். தனியாக, அதுவும் சீசனில். இதுவரை செய்ததில்லை.

பேருந்து நிலையத்திலிருந்தே கூட்டம். ரம்புட்டான், மங்குஸ்தான், சிப்ஸ் சட்டி வாடை, ஈரத்துண்டு வாடை. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. போலீஸ் விசில். குளிக்கத் தடை. பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நின்றார்கள்.

"இம்புட்டுத் தண்ணி விழுது, குளிக்க விட மாட்டேங்கானே!"

"விட்டா நீ கேரளாவுலதான் கெடப்ப."

"அது அந்தப் பக்கம்லே. இங்கன விழுந்தா தென்காசி ஆத்துல எடுக்கலாம்."

நான் பாலத்துப் பக்கம் ஒதுங்கி நின்றேன். அருவியைப் பார்த்தால் வெறும் வெள்ளைதான். பாறை என்று ஒன்று பின்னால் இருப்பதே தெரியவில்லை.

பிறந்தது சுரண்டை, வாழ வந்தது இங்கே. சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை வந்திருக்கிறேன், எல்லாம் சீசனில். சீசன் இல்லாமல் வந்தது ஒரே முறை. மாசியில். அவருடைய பதினாறாம் நாள் முடிந்து குளிக்க வந்தோம். அன்று விழுவதற்கு ஒன்றுமில்லை. பாறையில் ஒரே ஓர் இடத்தில் கயிறு போல ஒழுகியது. அதன் அடியில் ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் காட்டினோம். காத்திருந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்தேன். பாறை முழுக்கச் சின்னச் சின்ன லிங்கங்கள். யாரோ எந்தக் காலத்திலோ செதுக்கியவை. தண்ணீர் விழும்போது தெரியாது. கேள்விப்பட்டிருக்கிறேன், அதுவரை பார்த்ததில்லை. தண்ணீர் தேய்த்துத் தேய்த்துச் சில மழுங்கிப்போய், சில இன்னும் கூராக. அந்த நாளில், அந்த மனநிலையில், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெதையும் பார்க்க முடியாத கண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது.

மதுரை மதினி, அவர் அக்கா, என் பின்னால் நின்று என் கூந்தலைப் பிழிந்துவிட்டார். சொட்டுச் சொட்டாக. "குளிரப் போவுது" என்றார். அன்றைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சு அந்த ஒன்றுதான். அதன் பிறகு தலைத்திவசத்துக்கு வந்தார், சாப்பிட்டார், சாயங்கால பஸ்ஸிலேயே போய்விட்டார்.

இன்று பாலத்தில் நின்றபடி நினைத்தேன்: காய்ந்த பாறையைக் காட்டவா என்று த.ஆ. கேட்டார். ஆமாம் என்று சொன்னால் என்ன?

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. யாரோ ஒரு குழந்தை என் முந்தானையில் ஈரத்தலையைத் துடைத்துக்கொண்டது. தடுக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

மழை. காலையிலேயே மெ.யைப் பிடித்தேன்.

"உன் சார்ட்ட எடு. போன பிப்ரவரிக்கு உள்ளது."

"அதுல என்னட்டி இருக்கு? எல்லாம் சைபர்."

"அந்தச் சைபரத்தான் எடு."

எட்டாம் வகுப்புச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள். வரிசையாக, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சுழி, வெவ்வேறு பிள்ளைகளின் கையெழுத்தில். மழை இல்லாத நாளில் எதற்கு எழுத வேண்டும் என்று முதல் வருஷம் பிள்ளைகள் கேட்டார்களாம். "பாக்காம இருந்தா எழுத ஒண்ணும் இருக்காது. பாத்து இல்லன்னா சைபர் இருக்கும். ரெண்டும் ஒண்ணா?" என்றாளாம். அதிலிருந்து யாரும் கட்டத்தை வெறுமையாக விடவில்லை. பக்கத்து நாற்காலியில் இவ்வளவு வருஷம் இருந்தும், நான் இதைக் கேட்டதே இல்லை.

இருவருமாக த.ஆ. அறைக்கு. சார்ட்டை மேஜையில் விரித்தோம். நான் சொன்னேன்: விண்ணப்பத்தை மாற்றி எழுதுகிறேன். மழையைப் பற்றி இல்லை. வருஷத்தில் ஒரு பருவம் மட்டும் நிறைகிற ஊர் மற்ற மாதங்களில் எப்படி இருக்கிறது என்பது. அவர்களுக்கு எப்போதும் மழை. அவர்கள் பார்க்காதது காய்ந்த பாறைதான். மெ. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், ஒழுகுவதை அளப்பாள். ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரம் என்று.

த.ஆ. கேட்டுக்கொண்டே இருந்தார். தலை அசையவில்லை.

"எல்லாம் சரிதான் கோமதி டீச்சர். படிக்க நல்லாருக்கும். ஆனா விருந்தாளின்னு ஒண்ணு இருக்குல்லா. அவுக ஊருக்குப் போயி என்ன சொல்லுவாக? சீசன் இல்லாத நேரத்துல நம்ம ஊரு ஆளுகளே இங்க வர மாட்டாகளே."

"எங்க வீட்டுக்கு சீசன்லயே யாரும் வரலயே டீச்சர்."

சொல்ல நினைத்து வந்தது அது இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மெ. தரையைப் பார்த்தாள்.

நிறுத்த முடியவில்லை. "மாடி ரூம் ரெண்டு சீசனா பூட்டித்தான் கெடக்கு. தண்ணி விழும்போது கூப்பிடுததுதான் நமக்குத் தெரியும். இல்லாதப்ப கூப்பிட நமக்கும் கூச்சம், வர அவுகளுக்கும் கூச்சம். அப்படியே ஒருத்தர ஒருத்தர் விட்டுருதோம். காஞ்ச மாசத்துல ஒருத்தி வாரேங்கா டீச்சர். வரட்டுமே."

வெளியே மணி அடித்தது. அடுத்த பீரியட் எனக்குப் பத்தாம் வகுப்பு. எழவில்லை.

த.ஆ. சார்ட்டில் ஒரு சுழிமேல் விரலை வைத்தார். அவர் வீட்டுக்காரரும் இல்லை. நான் பணியில் சேர்வதற்கு முன்பே. இதைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது.

"பிப்ரவரின்னே போடுங்க" என்றார்.

கதவுவரை வந்த எங்களைத் திரும்பக் கூப்பிட்டார். "நம்ம விசுவநாதர் புண்ணியத்துல அந்த வாரம் மட்டும் ஒரு மழை பெஞ்சா நல்லாருக்கும்."

"பெய்யக் கூடாது டீச்சர்!" என்றாள் மெ. "பெஞ்சா எங்க சைபர் போயிரும்."

வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நனைந்த கை. எதுவும் கேட்கவில்லை. அதற்கு நன்றி.

ஜூன் 27, வெள்ளி

சாரல், வெயில், சாரல். கோயில் வாசல் காற்று இன்று ஒரு ஆளையே தள்ளிவிடும் போல. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் கடந்தேன்.

அனுப்பியாயிற்று. கடைசி நேரத்தில் கரண்ட் போய், மெ.யின் போனிலிருந்து இணைப்பு எடுத்து. ஹெலன் தன் பகுதியையும் சேர்த்து அங்கிருந்து அனுப்பினாள். முடிவு தெரிய மாதங்கள் ஆகும். நிறையப் பள்ளிகள் கேட்டிருக்குமாம். கிடைக்காமலும் போகலாம், மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாள். கீழே தனியாக எனக்கு ஒரு வரி: ஒருவேளை வந்தால், தங்கப்போகும் வீட்டுக்கு நான் என்ன கொண்டுவர வேண்டும்?

பதில் எழுதினேன். ஒன்றும் வேண்டாம், ஒரு துண்டு மட்டும். எழுதிவிட்டுச் சிரித்தேன். பிப்ரவரிக்குத் துண்டு எதற்கு? பழக்கம். அழிக்கவில்லை, அப்படியே போயிற்று.

மெ. எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தாள். கிடைக்கும் முன்னே என்ன விருந்து என்றதற்கு, "அனுப்புனதுக்குத்தான். கெடச்சா பிரியாணி" என்றாள். பாஸ்போர்ட் காலாவதி ஆகிறதா என்று பார்த்துவிட்டாளாம். ஆகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மாடி ஜன்னல் திறந்தே கிடந்தது, சாரல் உள்ளே அடித்திருந்தது. துடைத்தேன். பாய்களைப் பிரித்துப் பார்த்தேன். கரையான் இல்லை.

த.ஆ.விடம் நான் சொன்னது திரும்பத் திரும்ப வருகிறது. கூப்பிட நமக்குக் கூச்சம், வர அவர்களுக்குக் கூச்சம். யாரைப் பற்றிச் சொன்னேன்? ஹெலனைப் பற்றி இல்லை.

ஜூன் 28, சனி

நல்ல சாரல். பேரருவி, ஐந்தருவி, எல்லாவற்றிலும் தடை நீங்கிவிட்டதாக பால்காரர் சொன்னார்.

காலை வேலை முடித்து, போனைக் கையில் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து, மதுரைக்குப் போட்டேன்.

"என்ன கோமதி? உடம்புக்கு ஏதும்?" மதினிக்குப் பதற்றம். நானாகப் போன் பண்ணி எவ்வளவு நாளாயிற்று.

"ஒண்ணுமில்ல மதினி. தண்ணி விழுது."

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"நல்லா விழுது மதினி. தடையும் இல்ல. வாங்க."

"நாங்க எப்படி கோமதி..." என்றார். "தம்பி இல்லாத வீட்டுல வந்து எண்ணெயத் தேச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு... உனக்கு எப்படி இருக்கும்? நானே பிள்ளைககிட்ட, இந்த வருசமும் கேக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"கேக்க மாட்டியளான்னு நான் இருந்தேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"வீடு ஆள் பழக்கம் விட்டுப் போச்சு மதினி. பிப்ரவரில ஒருவேள வெளியூர்க்காரங்க வரலாம். அதுக்கு முன்னால நீங்கள்லாம் வந்து பழக்கிட்டுப் போங்க."

"எந்த வெளியூரு?"

"வந்தா சொல்லுதேன்."

பின்னால் யாரிடமோ சொல்வது கேட்டது: "ஏலே, மாமா வீட்டுல தண்ணி விழுதாம்." அதைத் தொடர்ந்து ஒரு கூச்சல். பிறகு என்னிடம், "ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கி பால்கோவா வாங்கிட்டு வாரேன். காவ்யாவுக்கும் சேத்துத்தான்."

அடுத்த சனி. ஒரு வேன்.

பாய் போதாது, மெ. வீட்டில் கேட்க. தலையணைகளுக்கு வெயில் காட்ட, வெயில் வந்தால். அண்டா பரணில். முத்துலட்சுமியிடம் போய், அவள் ஆட்கள் இன்னும் இருந்தால் இன்றைக்கு மாடியில் படுக்கட்டும் என்று சொல்ல. பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாய் ஒரு லிட்டர். கொடிக்கயிறு தொய்ந்திருக்கிறது, இழுத்துக் கட்ட.